குகை ஹோட்டலில் எத்தனை படி? முழங்கால் வலி உள்ள அம்மாவோடு கப்படோக்கியா

கேள்வி: நான், கணவர், 14 வயது மகன், 66 வயதான என் அம்மா என நான்கு பேர் அக்டோபரில் துருக்கி போகலாம் என்று இருக்கிறோம். இஸ்தான்புல்லில் நான்கு இரவு, கப்படோக்கியாவில் இரண்டு இரவு என்று திருச்சியில் ஒரு ஏஜென்ட் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். குகை ஹோட்டல், பாதாள நகரம், பள்ளத்தாக்கு நடை, பலூன் எல்லாம் சேர்த்தி. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடப்பார், படி என்றால்தான் சிரமம். எரிமலைப் பகுதி வேறு என்கிறார்கள். அவரை அங்கே கூட்டிப் போகலாமா, இஸ்தான்புல்லிலேயே தங்க வைத்துவிடலாமா? அம்மா சுத்த சைவம். நாளைக்குள் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: நாளைக்கு எதுவும் கட்டாதீர்கள். "நாளைக்குள் கட்டினால்தான் இந்த விலை" என்ற வசனத்தை இந்தத் தொழிலில் நான் கேட்காத வாரம் கிடையாது. அந்த நாளை கடந்த பிறகும் அதே விலைதான் இருக்கும். சில சமயம் குறையவும் செய்யும்.

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். அவர் காலுக்கு ஏற்ற இடங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. உங்கள் ஏஜென்ட் போட்ட திட்டம்தான் அவர் காலுக்கு ஏற்றதில்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். 66 வயது அம்மாவுக்கும் 24 வயதுப் பையனுக்கும் ஒரே தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று தெரிகிறது.

எரிமலை பயத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அங்கே எரிமலைகள் வெடித்துச் சாம்பலைக் கொட்டியது பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால். அந்தச் சாம்பல் படிந்து இறுகிய மெத்தென்ற பாறையைத்தான் குடைந்து வீடும் கிறிஸ்தவக் கோயிலும் ஆக்கினார்கள். கைசேரி நகரத்துப் பக்கம் பனிமூடித் தெரியும் எர்ஜியெஸ் 3,900 மீட்டருக்கு மேல் உயரமான எரிமலை. இன்றைக்கு அதன் சரிவில் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். உண்மையான ஆபத்து பாறை உதிர்வதில் இருக்கிறது. ஜெல்வே என்ற குகைக் கிராமத்தில் 1952 வரை மக்கள் குடியிருந்தார்கள், பாறை விழும் அபாயத்தால்தான் வெளியேற்றினார்கள். அதனால் கயிறு கட்டி அடைத்திருக்கும் குகைக்குள் மகனைப் படமெடுக்க நுழைய விடாதீர்கள். அவ்வளவுதான்.

இப்போது முழங்காலுக்கு வருவோம். முதல் சோதனை ஹோட்டலிலேயே இருக்கிறது.

கப்படோக்கியாவில் குகை ஹோட்டல் என்பது பெரும்பாலும் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் பழைய வீடுகளை இணைத்துக் கட்டியது. கோரெமே, உச்சிசார், ஊர்குப் மூன்று ஊரிலும் இதே கதை. லிப்ட் அபூர்வம். கார் ஒரு இடத்தில் நின்றுவிடும், அங்கிருந்து கல் பாவிய சரிவு, அப்புறம் படி, அப்புறம் முற்றம், மறுபடியும் படி. படிகள் ஒரே உயரத்திலும் இருக்காது. ஒன்று அரையடி, அடுத்தது ஒன்றே காலடி. கைப்பிடி ஒரு பக்கம் இருக்கும், திரும்பும் இடத்தில் இருக்காது. வெயில் காலத்தில் சமாளிக்கலாம், மழை பெய்த கல்லில் எனக்கே கால் வழுக்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அழைத்துப்போன குழுவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் இருந்தார். தரைத்தள அறை என்று எழுதி வாங்கியிருந்தோம். தரைத்தளம்தான் கொடுத்தார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் காலைச் சாப்பாடு மொட்டைமாடியில். பலூன் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாப்பாட்டு இடத்தை உச்சியில்தான் வைப்பார்கள். 58 படி, நான் எண்ணினேன். மூன்று நாளும் அவர் அறையிலேயே உட்கார்ந்து பிஸ்கட்டும் டீயுமாகக் காலையைத் தள்ளினார். தவறு ஹோட்டலுடையது என்று சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்காதவன் நான்.

ஆகவே ஏஜென்டிடம் 'தரைத்தளம்' என்று கேட்காதீர்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி, அறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்கு எத்தனை படி, குளியலறைக்குள் படி உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுவார்கள். குகை அறையில் குளியலறையைப் பாறைக்குள் தனியாகக் குடைந்திருப்பார்கள், அதன் தரை ஒரு முழம் ஏறியோ இறங்கியோ இருக்கும். ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து போகிறவருக்கு அந்த ஒரு முழம் போதும். பதில் ஹோட்டலிடமிருந்தே எழுத்தில் வரட்டும். ஏஜென்ட் "பத்துப் பதினைந்து இருக்கும் மேடம்" என்றால் அவர் அந்த ஹோட்டலைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. குகை ஹோட்டலில் எல்லா அறையும் குகை இல்லை. பாறையைக் குடைந்த அறை ஒரு வகை, வெட்டிய கல்லை வைத்து வளைவுக் கூரையாகக் கட்டிய அறை இன்னொரு வகை. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அம்மாவுக்குக் கல் கட்டட அறையே நல்லது என்பேன். அதில் ஜன்னல் இருக்கும், காற்று வரும். அசல் குகையில் ஒரு மக்கல் வாடை உண்டு, குளித்தால் ஈரம் நாள் முழுக்கப் போகாது. பாறைக்குப் பூச்சுப் பூசாத அறை என்றால் காலையில் தலையணை மேல் அரிசிமாவு தூவினாற்போல் பொடி உதிர்ந்து கிடக்கும். ஆசை இருந்தால் நீங்களும் கணவரும் குகை அறை எடுத்துக்கொள்ளுங்கள், மகனைப் பாட்டியோடு கல் அறையில் விடுங்கள்.

அடுத்து பாதாள நகரம். உங்கள் தாளில் டெரின்குயு என்று போட்டிருக்கிறது. பெயருக்கே ஆழக்கிணறு என்றுதான் பொருள். 1963இல் ஒருவர் வீட்டை இடித்துத் திருத்தும்போது சுவருக்குப் பின்னால் வழி தெரிந்து வெளியுலகுக்கு வந்தது. எட்டு அடுக்கு இறங்கலாம். பாதை ஒரு ஆள் அகலம், பல இடங்களில் குனிந்தபடியே படி இறங்க வேண்டும். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி என்று உங்களுக்கே தெரியும். அதையும் முதுகை வளைத்துக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும்? பாதி வழியில் 'முடியவில்லை' என்று திரும்பவும் முடியாது, பின்னால் இன்னொரு குழு வந்துகொண்டிருக்கும். அம்மாவுக்கு இது வேண்டவே வேண்டாம்.

"அப்படியென்றால் கைமாக்லி போகலாம், அது ஈசி" என்று ஏஜென்ட் சொல்வார். கைமாக்லியில் நான்கு அடுக்குதான் திறந்திருக்கிறது, ஆழம் குறைவு, அதுவரை சரி. ஆனால் கூரை இன்னும் தாழ்வு, சரிவும் அதிகம். 'ஈசி' என்ற சொல்லை அங்கே உள்ளே போய் வந்தவர் சொல்ல மாட்டார். அம்மாவுக்குப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கைமாக்லியில் மாடு ஆடு கட்டிய முதல் அடுக்கை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரட்டும். நீங்களும் மகனும் உள்ளே போய், எதிரி வந்தால் உருட்டி அடைக்கும் வட்டக் கல் கதவைப் பாருங்கள். நம் ஊர் ஆட்டுக்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினாற்போல், நடுவில் ஓட்டையோடு நிற்கும். உள்ளேயிருந்து மட்டுமே நகர்த்தக்கூடியது.

பள்ளத்தாக்கு நடை என்று போட்டிருப்பது இஹ்லாரா. முக்கிய வாசலில் இறங்கினால் கிட்டத்தட்ட நானூறு படி. இறங்கின படியை ஏறியும் ஆக வேண்டும். ஆனால் அதே பள்ளத்தாக்கில் பெலிசிர்மா என்று ஒரு கிராமம் இருக்கிறது, அங்கே கார் ஆற்றங்கரை வரைக்கும் போகும். மெலெண்டிஸ் ஆற்றின் மேல் பலகைத் திண்ணை போட்டு மெத்தை விரித்துச் சாப்பாடு போடுகிறார்கள். காலடியில் தண்ணீர் ஓடும், நிமிர்ந்தால் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. நீங்கள் நடந்து வரும்வரை அம்மா அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கூட்டத்தோடு போகும் பஸ் டூரில் இது நடக்காது. டெரின்குயு, இஹ்லாரா, செலிமே என்ற குகை மடம் மூன்றையும் ஒரே நாளில் கோத்து 'கிரீன் டூர்' என்று அங்கே விற்கிறார்கள். மூன்றுமே முழங்காலுக்கு எதிரி. தனிக் கார் எடுத்தால் இந்த மூன்றில் வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம். நான்கு பேருக்குத் தனிக் கார் ஒன்றும் ஊதாரித்தனம் இல்லை.

'ரெட் டூர்' என்று விற்கும் மற்ற நாள் அம்மாவுக்கு நன்றாகவே ஒத்துவரும். பாஷாபாவில் தொப்பி வைத்த கல் கோபுரங்களுக்கு நடுவில் சமதரையில் நடக்கலாம். மேலே கெட்டியான கல், கீழே இளகிய கல். மழை கீழே உள்ளதைக் கரைக்க, மேலே உள்ளது குடையாக நின்றுவிட்டது. விசித்திர உருவப் பாறைகள் உள்ள டெவ்ரென்ட் பள்ளத்தாக்கு சாலையோரத்திலேயே இருக்கிறது. உச்சிசார் கோட்டையைக் கீழேயிருந்து பார்த்தால் போதும். கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வாசலுக்குப் பிறகு ஏற்றம் இருக்கிறது, மெல்லப் போகலாம். இருட்டுக் கோயில் என்று ஒன்று உள்ளே உண்டு. வெளிச்சம் புகாததால் ஓவியம் மங்காமல் இருக்கிறது, 1950கள் வரை அதில் புறா வளர்த்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம், ஏறும் வழியும் குறுகல். அம்மா அதை விட்டுவிட்டு டோகாலி கோயிலைப் பார்க்கட்டும். அங்குள்ள குகைக் கோயில்களில் பெரியது அதுதான், நீலப் பின்னணியில் எழுதிய ஓவியங்கள். அருங்காட்சியக வாசலுக்கு வெளியே, சற்றுக் கீழே இருப்பதால் பாதிப் பேர் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே டிக்கெட்டில்தான் அனுமதி, டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அந்த டிக்கெட் விலையை இங்கே எழுதப் போவதில்லை. நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள் மாற்றிவிடுவார்கள். வெளிநாட்டவருக்கு யூரோவில் விலை வைத்துவிட்டு, உள்ளூர்ப் பணம் சரியச் சரியத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஏஜென்ட் தாளில் 'நுழைவுக் கட்டணம் நீங்கலாக' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நான்கு பேருக்குச் சேர்த்துக் கூட்டினால் அது சின்னத் தொகை இல்லை.

இனி பலூன். இதில்தான் உங்கள் பணம் போகப் போகிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில், அம்மா ஏற வேண்டாம். பலூன் கூடைக்குக் கதவு கிடையாது. நெஞ்சளவு உயரமான பக்கச்சுவரில் கால் வைக்க நாலு ஓட்டை இருக்கும், அதில் ஏறி உள்ளே குதிக்க வேண்டும். புடவையோடு நடக்காத காரியம். சுமார் ஒரு மணி நேரம் நின்றபடியே பறப்பது, உட்கார இடமில்லை. இறங்கும்போது முழங்காலை மடக்கிக் குந்தி, கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். தரை தட்டும் அந்த அடி நேராக முழங்காலில்தான் விழும். அம்மா மொட்டைமாடியில் உட்கார்ந்து பார்க்கட்டும். நூறு பலூன் ஒன்றாக மேலே வருவது கீழேயிருந்து பார்க்கத்தான் அழகு, கூடைக்குள் இருப்பவருக்குப் பக்கத்துப் பலூன்தான் தெரியும்.

உங்கள் தாளில் 'பலூன் – காம்ப்ளிமென்டரி' என்று எழுதியிருக்கிறது. இந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். துருக்கியில் காற்று சரியில்லை என்றால் அரசின் விமானப் போக்குவரத்துத் துறைதான் பறப்பதை நிறுத்துகிறது. பச்சைக் கொடி என்றால் பறக்கலாம், மஞ்சள் என்றால் காத்திரு, சிவப்பு என்றால் ரத்து. இது எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றாகப் பொருந்தும். "மற்றவர்கள் நின்றாலும் எங்கள் பலூன் பறக்கும்" என்று எவராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். ரத்தானால் மறுநாள் இடம், இல்லையேல் பணம் திரும்பும். நேரடியாகப் புக் செய்தவருக்கு அங்குள்ள வழக்கம் இதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அந்த விதிவிலக்குக்குள்தான் நீங்கள் நிற்கிறீர்கள். பணம் திரும்புவது யாருக்கு? கட்டியவருக்கு. பலூன் கம்பெனிக்குப் பணம் கட்டப்போவது நீங்கள் இல்லை. நீங்கள் திருச்சியில் கட்டுவீர்கள், திருச்சிக்காரர் டெல்லியில் ஒரு மொத்த வியாபாரியிடம் கட்டுவார், அவர் இஸ்தான்புல்லில் ஒருவருக்கு, அவர் கோரெமேயில் ஒருவருக்கு. கோரெமேயில் திரும்பிய பணம் இந்த ஏணியில் ஏறி வரும்போது ஏதாவது ஒரு படியில் தங்கிவிடும். நீங்கள் கேட்டால், "அது இலவசமாகக் கொடுத்தது மேடம், இலவசத்தை எப்படித் திருப்புவது?" என்பார்கள். 'காம்ப்ளிமென்டரி' என்று எழுதுவது இதற்காகத்தான். இலவசமாக எவரும் பலூன் விடுவதில்லை, அந்த விலை ஹோட்டல் கட்டணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் இன்னொன்றையும் யோசியுங்கள். அம்மா பறக்கப் போவதில்லை, ஆனால் நான்கு சீட்டுக்குக் காசு போட்டிருக்கிறார்கள். பலூனைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு விலை எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். "குறையாது" என்றால் ஏஜென்ட்டை மாற்றுங்கள்.

பலூன் மூன்று சீட்டை நீங்களே தனியாகப் புக் செய்யுங்கள். ரத்தானால் முழுப் பணம், எத்தனை நாளில், எந்தக் கார்டுக்கு என்பதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கூடையில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். இருபதுக்கு மேல் ஏற்றுகிற கூடைகள் உண்டு. போய்ச் சேர்ந்த மறுநாள் காலைக்கே புக் செய்யுங்கள், அப்போதுதான் ரத்தானாலும் அடுத்த காலை கையில் இருக்கும். இரண்டு இரவு என்றால் உங்களுக்கு இரண்டு காலைதான், அதில் ஒன்று கிளம்புகிற காலை. ஆகவே இஸ்தான்புல்லில் ஒரு இரவைக் குறைத்து இங்கே மூன்றாக்குங்கள். தொடர்ந்து இரண்டு நாள் ரத்தாகி மூன்றாம் நாள் திறந்தால் சீட்டு விலை எகிறும். அந்த நேரத்தில் ஹோட்டல் வாசலில் வந்து பேரம் பேசுகிறவரிடம் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

கடைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவனோஸில் கிசில்இர்மாக் ஆற்றுச் செம்மண்ணில் பானை செய்வது உண்மையான பழைய தொழில். சக்கரத்தில் மகனை உட்கார வைத்து ஒரு கிண்ணம் செய்யச் சொல்வார்கள், நன்றாகத்தான் இருக்கும். அதன் பிறகு ஒரு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, ஆப்பிள் டீ கொடுத்து, விலையை ஆரம்பிப்பார்கள். அடுத்து கல் நகைக் கடை, அதற்கடுத்து கம்பளக் கடை. ஒவ்வொரு நிறுத்தமும் முக்கால் மணி நேரம், அம்மா நின்றுகொண்டே. கைடின் சம்பளம் அந்தக் கமிஷனில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 'கடை நிறுத்தம் இல்லை' என்று எழுதி வாங்கினால் டூர் விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும்.

விமானத்தில் ஒரு பொறி உண்டு. இஸ்தான்புல்லுக்கு இரண்டு விமான நிலையம், ஒன்று ஐரோப்பியக் கரையில், மற்றது சபிஹா கோக்சென், ஆசியக் கரையில். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி டிக்கெட் போட்டால் நடுவில் நெரிசலான சாலைதான், இரண்டு மணி நேரம்கூட ஆகும். உங்கள் தாளில் விமான நிலையத்தின் பெயரே இல்லை, கேளுங்கள். கப்படோக்கியாவில் நெவ்ஷெஹிர் நிலையம் கோரெமேக்கு அருகில், கைசேரி சற்றுத் தள்ளி. எதில் இறங்கினாலும் பரவாயில்லை.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஏஜென்ட் 'இ-விசா எங்கள் பொறுப்பு' என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். இந்திய பாஸ்போர்ட்டுக்குத் துருக்கி இ-விசா எல்லோருக்கும் கிடையாது. அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ கையில் இருந்தால்தான். உங்கள் வீட்டில் அது இல்லை என்றால் பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசாதான். அதற்குத் தேதி வாங்கி, வங்கிக் கணக்கைக் காட்டி, கொடுத்த காகிதத்தையே மறுபடி கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இந்த மாதிரி வரிசையில் நின்றே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இ-விசா தகுதி இருந்தால் துருக்கி அரசின் தளத்தில் நீங்களே பத்து நிமிடத்தில் எடுக்கலாம். முகவரி 'கவ் டாட் டிஆர்' (.gov.tr) என்று முடிய வேண்டும். அதேபோல் தோற்றமளித்து இரண்டு மடங்கு கறக்கும் தனியார் தளங்கள் ஏராளம். விசா வரும்வரை திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று, விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியாக ஒரு தொகை பிடிப்பார்கள். அது உங்கள் பணம், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டினார்களா என்பதை, உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் பட்டியலில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் நல்ல மாதம். பகலில் இதமாக இருக்கும், விடியற்காலை மொட்டைமாடியில் அம்மாவுக்குக் கம்பளிக் குல்லாவும் சால்வையும் கட்டாயம் வேண்டும்.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். காலையில் தக்காளி, வெள்ளரி, ஆலிவ், பாலாடைக்கட்டி, தேன், சூடான ரொட்டி என்று மேஜை நிறைத்துவிடுவார்கள். கோஸ்லெமே என்று மெல்லிய மாவைத் தேய்த்துக் கீரையோ உருளைக்கிழங்கோ வைத்துச் சுடுவார்கள், நம் ஸ்டஃப்டு பரோட்டாவுக்குச் சொந்தக்காரன். பருப்பு சூப் எங்கும் கிடைக்கும், பார்த்தால் சைவம்தான் என்று தோன்றும், சில கடைகளில் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள். ஆர்டர் செய்யும்முன் "எத் சுயு வார் மு?" என்று கேளுங்கள். இறைச்சித் தண்ணீர் இருக்கிறதா என்று பொருள். "யோக்" என்றால் இல்லை, அம்மா சாப்பிடலாம்.